எதிரணியில் வெள்ளத்தாய்

ஊராட்சித் தலைவர் திருவேங்கடம் பட்டிமன்றப் பேச்சாளர். கைதட்டல் கேட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. ஊரணியை மூடிக் கல்யாண மண்டபம் கட்ட அவருக்கு ஆசை. ஆனால், இரண்டு பக்கமும் பேசிய பிறகுதான் ஊர் கைதூக்கி முடிவு செய்யவேண்டும் என்று கிராமசபைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டார்.

தலைவர் மண்டபத்தின் பெருமையை அரைமணி நேரம் முழங்கினார். பிறகு எதிர்த்துப் பேச எருமை மேய்க்கும் வெள்ளத்தாயைக் கூப்பிட்டார். நாலு பேர் முன்னால் அவளுக்கு நா எழாது என்பது அவர் கணக்கு.

வெள்ளத்தாய் மைக்கைத் தொட்டுக் கும்பிட்டாள். "எனக்கு எங்கே பேச வரும், தலைவரே? எதிர்ப்பக்கம் பேசறது உங்களுக்கே கஷ்டமாச்சே!"

"எனக்கா கஷ்டம்?" தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "ஊரணியை மூடினால் கிணறெல்லாம் வறண்டுபோகும்! மழைத்தண்ணி வீட்டுக்குள்ளே வரும்! வருஷத்துக்கு நாலு கல்யாணம் நடக்க, ஊரே தாகத்தில் சாகணுமா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டத் தட்ட அவர் பேசிக்கொண்டே போனார்.

அதிகாரி கைதூக்கச் சொன்னார். மண்டபத்துக்கு ஒரே ஒரு கை எழுந்தது. அது தலைவருடையது, அதுவும் தோளுக்கு மேலே வரவில்லை.

"நீ ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசலையே!" என்று வெள்ளத்தாயிடம் சீறினார்.

"நான் என்னத்தைப் பேச? நீங்கதான் ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையே" என்றவள், எருமைகளை ஊரணிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.