குப்புறவா, மல்லாக்கவா?

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நரி இருந்தது. வேட்டைக்கே போகாது. ஆனால் தொப்பை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. எப்படி என்கிறீர்களா? எல்லாம் பந்தயம்!

அரச மரத்தில் அடுத்த இலை குப்புற விழுமா, மல்லாக்க விழுமா? இதுதான் ஆட்டம். அவரவர் பொந்தில் இருந்தபடியே மரங்கொத்தியிடம் சொன்னால் போதும். அது மரத்தில் தட்டி நரிக்குச் சேதி சொல்லும்: ஒரு தட்டு தட்டினால் குப்புற, இரண்டு தட்டினால் மல்லாக்க. தோற்றால் வைத்த பொருள் நரிக்கு.

காட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கரடி தேனடையை விட்டது. முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் தோற்றுவிட்டு, வெட்கத்தில் தேக்கிலையைப் போர்த்திக்கொண்டு திரிந்தது. கடைசியில் ஆண் தூக்கணாங்குருவி கூட்டையே தோற்றது. உள்ளே மூன்று முட்டைகள்!

பெண்குருவி அலறிக்கொண்டு யானை ராஜாவிடம் பறந்தது. "பொழுது சாயறதுக்குள்ள நரி கூட்டைப் பிடுங்கிடும் ராஜா! என் முட்டைகளைக் காப்பாத்துங்க!"

யானை அப்போதே அரச மரத்தடிக்கு வந்து, நரியின் முன்னால் சட்டம் போட்டது. "மரத்தடியில் கூடிச் சூதாடினால் தண்டனை!"

நரி சிரித்தது. "யாரு ராஜா கூடினது? எல்லாரும் அவங்கவங்க பொந்துலதானே இருக்காங்க!"

"சரி, எங்கிருந்து ஆடினாலும் தண்டனை!"

"அட, இது சூதே இல்லையே! காத்தைப் பார்க்கணும், காம்பைப் பார்க்கணும். முழுக்க முழுக்கத் திறமை!"

"ஆமாம் ராஜா," என்று கரடியும் தலையாட்டியது. "எனக்குத்தான் இன்னும் திறமை வரலை!"

யானை காதை ஆட்டி யோசித்தது. "ரொம்ப நல்லது நரியாரே! உம்மைவிடத் திறமைசாலி யார்? அடுத்த இலை எப்படி விழும்னு நீரே சொல்லும். சரியா இருந்தா சட்டமே வேண்டாம். தப்பா இருந்தா உம்ம வால் எனக்கு!"

மேலே ஓர் இலை ஆடியது. நரி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டது.

"குப்புற... இல்லை, மல்லாக்க... ஐயோ ராஜா, இலை எப்படி விழும்னு எவனுக்குத் தெரியும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றது யானை.

தோற்றவர்களின் பொருளெல்லாம் அன்றே திரும்பி வந்தது. காட்டில் விழும் இலைகளை வாலாலேயே பெருக்க வேண்டும் என்று நரிக்குத் தண்டனை. பெண்குருவி முட்டைகளின் மேல் உட்கார்ந்து, அப்பாடா என்று மூச்சு விட்டது.

ஆண்குருவி மெல்ல எட்டிப் பார்த்தது. "நரி முதல்ல இந்தப் பக்கம் பெருக்குமா, அந்தப் பக்கமா? சும்மா ஒரு பந்தயம்..."

அதன் நடு மண்டையில் நறுக்கென்று பெண்குருவியின் கொத்து ஒன்று விழுந்தது.

சூதாட்டத்தைத் திறமை என்று சொல்லி ஊரைக் கூப்பிடுகிறவன், தன் வாலை மட்டும் ஒருநாளும் பந்தயத்தில் வைக்க மாட்டான்.