கர்டரில் பதிந்த கை

உப்பாற்றுப் பாலத்தின் இரும்பு கர்டரில் விரிசல். பிச்சைக்கனி அதை இரண்டு தடவை வெல்டிங் வைத்தார். இரண்டு தடவையும் வைத்த இடம் நின்றது, பக்கத்தில் விரிசல் விட்டது.

முப்பது வருஷ வெல்டர். முதல் தடவை விட்டதிலிருந்து மனுஷன் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டுவதில்லை. முன்னாலேயே இறங்கி, நடந்து போய், அக்கரையில் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.

"அண்ணாச்சி ஆத்துக் காத்து வாங்கப் போறாரு" என்பார் கண்டக்டர்.

கடைசியில் பாலத்தையே மூடிவிட்டார்கள். விரிசல் மேல் கார்பன் இழைத் துணி ஒட்ட ரெஜினா வந்தாள். முப்பத்திரண்டு வயசு. பிச்சைக்கனி அவளிடம் போய் வேலை கற்கச் சேர்ந்தார்.

"இரும்பு விட்டதுக்குத் துணியா டீச்சரம்மா? சுளுக்குக்குக் கட்டுப் போடுத மாதிரி இருக்கு."

"அதே மாதிரிதான் அண்ணாச்சி. மணல் அடிங்க."

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் துளை போட்டார்கள். குழாயால் மணலைப் பீச்சி அடித்ததும் துருவெல்லாம் போய் இரும்பு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று வந்தது.

"இனிமே வெறுங்கை படக் கூடாது." சொல்லிவிட்டு ரெஜினா பசை கலக்கப் போனாள்.

பிச்சைக்கனி தனியாக நின்றார். வேலை பார்த்த இரும்பைத் தடவிப் பார்த்தால்தான் அவருக்கு மனசு அடங்கும். கையுறையைக் கழற்றினார். ஒரே ஒரு தடவை. யாரும் பார்க்கவில்லை.

அவள் பசைக் கிண்ணத்தோடு வந்தாள். முக்கால் மணி நேரத்தில் அது இறுகிவிடும். துணியை எடுக்கக் குனிந்தாள்.

"டீச்சரம்மா, சும்மா கேக்கேன். கை பட்டா என்ன ஆகும்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரும்பின் மேல் தண்ணீரைப் பீச்சினாள்.

தண்ணீர் எங்கும் பாலேடு மாதிரி படர்ந்தது. ஒரு இடத்தில் மட்டும் படராமல் துளித்துளியாகத் திரண்டு நின்றது. ஐந்து விரல். அதில் நடுவிரல் பாதி.

பிச்சைக்கனிக்கு நடுவிரல் பாதிதான்.

"கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு. பஸ் ஓட ஆரம்பிச்சதும் ஒட்டு இங்கேருந்துதான் உரியும்" என்றாள். கலக்கிய பசையைக் குப்பை டின்னில் கவிழ்த்தாள்.

"தொட்டுப் பாக்காம ஒரு இரும்பை எப்படிம்மா நம்புறது?"

அவள் மணல் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுபடி மணல் அடித்தார். இந்தத் தடவை தண்ணீரைப் பீச்சியதும் அவரே. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஏடு கலையவில்லை. உடனே காயவைத்து, புதிதாகப் பசை கலந்து, முதலில் கண்ணாடி இழைத் துணி, அதற்கு மேல் கார்பன் துணி என்று ஒட்டினார்கள். முடிந்ததும் பிச்சைக்கனி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பாலம் திறந்தது. இருவரும் இக்கரை ஸ்டாப்பில் நின்றார்கள்.

"தொடாம எப்படி நம்புறதுன்னு அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே டீச்சரம்மா?"

வளைவில் ஹாரன் கேட்டது.

"பஸ் வருது அண்ணாச்சி. இன்னைக்குப் பாலத்துக்கு முன்னாடி இறங்கிராதீங்க."