கறுப்பு கவர் மாறின கதை

கவரைப் பிரிச்சதும் கோமதி சித்தி கையில இருந்தது பேட் இல்ல. காண்டம்.

டேபிள்ல சித்தப்பா இட்லி சாப்பிட்டுட்டு இருந்தாரு. கை சட்னிக்குள்ளயே நின்னுடுச்சு. வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம நின்னா தர்ஷினி. கடைக்குப் போய் அந்தக் கவரை வாங்கிட்டு வந்தவ அவதான்.

எனக்கு பஸ் வர இன்னும் நேரமிருக்கு, முன்கதையைச் சொல்லிடறேன். தர்ஷினிக்கு இருபத்தி மூணு வயசு, தாராபுரத்துப் பொண்ணு. கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சதும், "சித்தி வீட்ல இருக்கறதுன்னா போ, இல்லேன்னா வேலையே வேண்டாம்"னு சொல்லித்தான் அவங்கம்மா அனுப்பினாங்க. சித்தி ஃபோன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காலையில அப்பா காரோட வந்து நிப்பாரு. வேலை காலி.

சித்தி ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். பத்தாவதுக்கு இனப்பெருக்கப் பாடம் வந்தா, "இது ஈஸி, வீட்ல படிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிடுவாங்க.

அன்னைக்கு சித்தி பொண்ணு சஹானா காலேஜ்லேருந்து வந்து நேரா பாத்ரூமுக்குப் போனவ, "அக்கா, பேட் தீர்ந்துடுச்சு"ன்னு உள்ளேருந்து குரல் குடுத்தா. தர்ஷினி தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினா. கடை அண்ணன் வழக்கம்போல பேப்பர்ல சுத்தி, கறுப்பு கவர்ல போட்டு, முடிச்சுப் போட்டு வச்சாரு. பக்கத்துல ஒரு பையன் வந்து மெதுவா என்னமோ கேட்டான். அவனுக்கும் பேப்பர், கறுப்பு கவர், முடிச்சு. நம்மூர்ல வெக்கப்படற சாமானுக்கெல்லாம் ஒரே யூனிஃபார்ம்தானே. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல, கவரையும் பார்க்கல. எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கிட்டே கைக்கு வந்ததை எடுத்துட்டு நடந்தாங்க.

இப்ப மறுபடியும் வீட்டுக்கு வாங்க.

"இது என்ன கண்ணு?" சித்தி ரொம்ப மெதுவா கேட்டாங்க. அவங்க மெதுவா பேசினாத்தான் பயப்படணும்.

"கவர் மாறிடுச்சு சித்தி. நான் வாங்கினது பேட்தான்."

"மாறிப்போறதுக்கு இதென்ன கோயில் வாசல்ல விட்ட செருப்பா?"

"அம்மா, வந்துடுச்சா?" இது பாத்ரூம்லேருந்து சஹானா.

"இரு சாமி." சித்தி ஃபோனை எடுத்து தர்ஷினி அம்மாவோட நம்பரைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க.

சித்தப்பாவுக்கு மனசு கேக்கல. தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "கோமு, அது என்னுது. மெடிக்கல்ல சொல்லி வச்சிருந்தேன். அவரு இந்தப் புள்ளகிட்டக் குடுத்துட்டாரு போல."

சித்தி அவர் பக்கம் திரும்பினாங்க. "ஏனுங்க, சஹானா பொறந்தப்பவே எனக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு. இது யாருக்குங்க?"

அதுவரைக்கும் வீட்ல ஒரு குத்தவாளி. இப்ப ரெண்டு. சித்தப்பா தண்ணி குடிச்சாரு. டம்ளர்ல தண்ணி இல்ல.

தர்ஷினி அப்பவாவது சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. "சித்தப்பாவை விடுங்க. சத்தியமா அது என்னுது இல்ல. ஆனா என்னுதாவே இருந்தாலும் அது தப்பான சாமான் இல்ல சித்தி. நோய் வராம, வேண்டாதப்ப குழந்தை வராம இருக்கத்தானே?"

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"ப்ளஸ் டூ புக்லயே இருக்கே. நீங்க சயின்ஸ் டீச்சர், என்னைக் கேக்கறீங்க."

சித்தி நம்பரை அழுத்திட்டாங்க. ரிங் போகுது. அதே நேரம் காலிங் பெல் அடிச்சுது.

வாசல்ல அந்தப் பையன், கையில கறுப்பு கவர். "வணக்கம் மிஸ். நவநீதன், ஏழு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட டென்த் பி-ல படிச்சவன். கவர் மாறிடுச்சு. கோமதி டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கும்னு மெடிக்கல் அண்ணன் சொன்னாரு. முதல்ல இதைப் பிடிங்க மிஸ்."

சித்தி பிடிக்கல. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க மிஸ்."

"லவ்வா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. இப்போதைக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்."

"அப்புறம் எதுக்குடா இது?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "நீங்கதானே மிஸ் அந்தப் பாடத்தை வீட்ல படிச்சுக்கச் சொன்னீங்க. படிச்சேன் மிஸ்."

"அம்மா, நான் இங்கேயே குடியிருக்கணுமா?"ன்னு சஹானா கேட்டா.

சித்தி கவரை வாங்கிட்டாங்க. டேபிள் மேல இருந்த தன் பாக்கெட்டை நவநீதன் திரும்பிக்கூடப் பார்க்காம படியிறங்கிப் போயிட்டான்.

ஃபோன்ல தர்ஷினியோட அம்மா, "ஹலோ, கோமு, என்னடி விஷயம்?"னு கேட்டுட்டே இருந்தாங்க. சித்தி தர்ஷினியைப் பார்த்தாங்க.

"ஒண்ணுமில்லக்கா. சஹானாவுக்குப் பேட் வாங்க உம் பொண்ணை அனுப்பினேன். வாங்கிட்டு வந்துட்டா. அவ்வளவுதான்."

சித்தப்பா காதுல விழற மாதிரி சித்தி பேட்ங்கற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்ப நீங்க சொல்லுங்க. சித்தப்பா தன் பேர் கெட்டாலும் பரவாயில்லன்னு பொய் சொன்னாரு. தர்ஷினி வேலை போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்னா. நவநீதன் கவரோட வந்து நின்னான். இதுல யார் செஞ்சது சரி?

நவநீதன்தான். அவன் பாக்கெட்டுக்காக வரல, அதான் எடுக்காமலே போயிட்டான். அது வேணும்னா இன்னொண்ணு வாங்கிட்டுப் போயிருப்பான். கோமதி மிஸ் வீடுன்னு தெரிஞ்சும் பெல் அடிச்சது, உள்ள ஒருத்தி பேட் இல்லாம காத்துட்டு இருப்பாளேன்னுதான். மத்த மூணு பேரும் மானத்தைப் பத்திப் பேசின பேச்சுல அவளை மறந்தே போயிட்டாங்க. இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றேன்னா, சித்தி சித்தின்னு சொன்னேனே, அது எங்கம்மா. பாத்ரூமுக்குள்ள இருந்தது நான். அந்த பாக்கெட் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, தொடறதுக்கு ஆளில்ல. பஸ் வந்துடுச்சு. உங்க வீட்லயும் கறுப்பு கவர் எப்பவாவது மாறியிருக்கா?