முதல் மழைக்குக் கவிழ்ந்த தாழி

அந்தக் காலத்தில், காக்கையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலோரத்தில் ஓர் ஊர் இருந்தது. அங்கே எங்கு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். குடிக்கவும் உலை வைக்கவும் வானத்தை விட்டால் வேறு கதியில்லை. ஐப்பசி மேகம் கறுத்ததுமே பெண்கள் பெரிய பெரிய தாழிகளைக் கூரைக்கு அடியில் நிமிர்த்தி வைப்பார்கள். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று முதல் துளியிலிருந்தே பிடிப்பார்கள். பிடித்தது கோடை வரை வரவேண்டும்.

அந்த ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே ஓட்டு வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மூத்தவன் மனைவி முத்திருளாயி. கூரையின் மேற்குச் சரிவு அவள் பங்கு. இளையவன் மனைவி சேதுராக்கு. கிழக்குச் சரிவு அவள் பங்கு. பிரித்தபோது இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மழை வந்த பிறகுதான் தெரிந்தது. வாடைக் காற்று மழையைச் சாய்த்துக்கொண்டு வந்து கிழக்குச் சரிவில்தான் கொட்டும். சேதுராக்கின் தாழி நிரம்பி வழியும். முத்திருளாயியின் தாழி பாதிக்கு மேல் ஏறாது.

தை பிறந்தால் போதும், முத்திருளாயி அகப்பையால் தாழியின் அடியைத் துழாவத் தொடங்கிவிடுவாள். சேதுராக்கு கேட்காமலே ஒரு குடம் கொண்டுவந்து வைப்பாள்.

"எடுத்துக்கிடுங்கக்கா, எங்கிட்டதான் கெடக்கே" என்பாள்.

அந்தக் 'கெடக்கே'தான் முத்திருளாயியின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். போதாததற்கு, கடலுக்குப் போய்த் திரும்பும் அவள் கணவன் காத்தான் தன் வாசலைத் தாண்டிப் போய்த் தம்பி வீட்டில்தான் முதல் சொம்பைக் குடிப்பான்.

"ரெண்டும் ஒரே மழைதான?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"மழை ஒண்ணுதான். ஆனாலும் நெறஞ்ச தாழித் தண்ணிக்கு ருசி வேற" என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு.

அந்த வருஷம் சேதுராக்குக்குப் பிள்ளை பிறந்தது. அதில் முத்திருளாயிக்குப் பொறாமை இல்லை, அவளுக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிய மழைத் தண்ணீரைச் சேதுராக்கு முருங்கைக்கு ஊற்றியதை அவள் பார்த்துவிட்டாள். தன் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரையே இரண்டு வேலைக்கு வைத்திருந்தாள் அவள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறு ஐப்பசி நெருங்கியது. முத்திருளாயி கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கமாக வரும் காக்கை வந்து வேலியில் உட்கார்ந்தது.

"இந்தக் குடலையெல்லாம் கொண்டுபோய்க் கிழக்குச் சரிவுல போடு" என்றாள் அவள்.

"திங்கிற பொருளை எதுக்குக் கூரையில போடணும்?"

"மழை பெய்யிற வரைக்கும் போடு. பெய்ஞ்ச பிறகு தினம் ஒரு மீன் தலை உனக்கு."

"பேச்சு மாறக்கூடாது" என்றது காக்கை.

"மாற மாட்டேன்."

தாழித் தண்ணீர் நாறிப்போய்ச் சேதுராக்கு ஒரு வருஷம் குடத்தோடு தன் வாசலில் வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. காக்கை சொன்னபடி செய்தது. குடலும் செதிலும் ஓட்டு இடுக்குகளில் கிடந்து வெயிலில் காய்ந்தன.

மழை வந்தது. அந்த வருஷம் பார்த்துக் காற்றே இல்லை. நேர்க்குத்தாக, இரண்டு சரிவிலும் ஒரே அளவாகப் பெய்தது. முத்திருளாயியின் தாழி முதல் தடவையாக வாய் வரை நிரம்பியது. அதைப் பார்க்கப் பார்க்க, குடலெல்லாம் கரைந்து கிழக்குத் தாழியில் இறங்கியிருக்குமே என்ற நினைப்புத்தான் வந்தது. சொல்லிவிடலாம் என்று கிழக்கு வாசல் வரை போனாள்.

சேதுராக்கு அவளைக் கண்டு சிரித்தாள். "உங்களுக்கும் நெறஞ்சிருச்சாமேக்கா. இனிமே எங்க தண்ணி உங்களுக்கு வேண்டியதில்ல."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். முத்திருளாயியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

இரண்டொரு நாளில் பிள்ளைக்கு வயிறு போகத் தொடங்கியது. வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். அந்த உரைத்த தண்ணீரும் அதே கிழக்குத் தாழித் தண்ணீர்தான். பிள்ளை கண் செருகிக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முத்திருளாயி கூட்டத்தின் ஓரத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

அப்போது காக்கை வந்து கூரை முகட்டில் உட்கார்ந்தது.

"முத்திருளாயி, மீன் தலை எங்கே? நீ சொன்னபடி குடலைக் கிழக்குச் சரிவுல போட்டாச்சு. மழையும் பெய்ஞ்சாச்சு."

காத்தான் தன் மனைவியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். சேதுராக்கு பிள்ளையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தாழியைச் சாய்த்தாள். வருஷத்துத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் ஓடி மண்ணில் இறங்கியது.

முத்திருளாயி வீட்டுக்குள் போனாள். தன் தாழியிலிருந்து ஒரு குடம் மொண்டு வந்து சேதுராக்கின் முன்னால் வைத்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சிக் குடு" என்றாள்.

"முதல்ல நீங்க குடிங்க" என்றாள் சேதுராக்கு.

அத்தனை பேர் பார்க்க முத்திருளாயி குடித்தாள். சேதுராக்கு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முத்திருளாயி பிள்ளைக்கு வேண்டிய தண்ணீரைத் தனியே எடுத்து வைத்தாள். மீதியை ஏணியில் சுமந்து ஏறிக் கிழக்குச் சரிவின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். இறங்கியபோது அவள் தாழியும் காலியாக இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. கார்த்திகையில் மறுபடி வானம் இருட்டியபோது அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சேதுராக்கு வாசலுக்கு வந்தாள். மழை விழத் தொடங்கியும் அவள் தாழி கவிழ்ந்தே கிடந்தது. கூரைத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாள், முகர்ந்தாள், கொட்டினாள். மறுபடி ஏந்தினாள். நன்றாகத் தெளிந்த பிறகுதான் தாழியை நிமிர்த்தினாள். ஓரகத்தி நின்ற பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

முத்திருளாயி அதைப் பார்த்தாள். தன் தாழியையும் கவிழ்த்தாள். வெட்கத்தாலா, அவள் தண்ணீரைவிட என் தண்ணீர் மட்டமா என்ற பழைய எரிச்சலாலா, அவளுக்கே தெரியவில்லை. கவிழ்த்த பிறகுதான் மேற்குச் சரிவிலிருந்து இறங்கிய தண்ணீரைக் கவனித்தாள். யாரும் எதுவும் போடாத அவள் கூரையிலிருந்தும் கறுப்பாகத்தான் வழிந்தது. புழுதியும் சருகும் பறவை எச்சமும் கலந்து ஓடின. இத்தனை வருஷம் இதையா குடித்தோம் என்று திகைத்தாள்; தெளிந்த பிறகே தன் தாழியை நிமிர்த்தினாள்.

மாசியில் ஊர்த் தாழிகளிலெல்லாம் புழு நெளிந்தது. அந்த இரண்டு தாழிகளில் மட்டும் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. "அதென்ன, அந்த வீட்டுக்காரிகளுக்கு மட்டும் அப்படி?" என்று மற்றப் பெண்களுக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஐப்பசியில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மேகம் இடித்ததும் அந்த இருவரையும் பார்த்து வீட்டுக்கு வீடு தாழிகள் கவிழ்ந்தன.

முதல் மழையை மண்ணுக்கு விட்டுவிட்டு, கூரை கழுவி ஓய்ந்த பிறகே குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் அன்று முதல்தான் வந்தது.