மந்திரவாதிக்கு ஒரு கவளம்

கொன்றைமாநகரத்து ராஜா மகிழ்மாறன் நல்லவன்தான். ஆனால் யாராவது சற்று உரக்கப் பேசினால் போதும், மனிதனுக்குக் கிரீடமே கனக்கத் தொடங்கிவிடும்.

அப்படிப்பட்டவன் சபைக்குள் ஒரு நாள் மாயகண்டன் என்ற மந்திரவாதி நுழைந்தான். கையைத் தட்டினான். சேனாபதியின் வாள் பாம்பாகி நெளிந்தது. சேனாபதி தூணில் ஏறிக்கொண்டார்.

"ராஜாவே, வித்தை தெரிந்தவன் ஆளுவான், தெரியாதவன் கும்பிடுவான். எந்த தேசமானாலும் கடைசியில் இதுதான் நடக்கும். மரியாதையாக இறங்கிவிடும்!"

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மதியூகி செவ்வந்தியப்பனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சுவாமி சொல்வது நியாயம்தானே" என்றான் செவ்வந்தியப்பன். ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய வித்தைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டீர்களோ, சுவாமி!" என்று மேலும் குழைந்தான் செவ்வந்தியப்பன்.

மந்திரவாதிக்குத் தலைகால் புரியவில்லை. "கொஞ்சநஞ்சமா? வருஷக்கணக்காக உப்பில்லாச் சோறு! இன்றைக்கும் ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் அத்தனை வித்தையும் போய்விடும், தெரியுமா?"

"அடடா, என்ன வைராக்கியம்! நாளைக்கே பட்டாபிஷேகம். ஒரே ஒரு வழக்கம் பாக்கி. தெருவுக்கு ஒரு பானை குழம்புச்சோறு வரும். ஊர் பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் சாப்பிட வேண்டும். எங்களை நம்பிச் சாப்பிடுகிறவரைத்தான் ஜனங்கள் ராஜா என்று ஒத்துக்கொள்வார்கள்."

"ஒத்துக்கொள்ளாவிட்டால் எரித்துவிடுவேன்!"

"தாராளமாக. அப்புறம் சாம்பலுக்கு ராஜாவாக இருக்கலாம்."

மாயகண்டன் சரியென்று தலையாட்டினான்.

மறுநாள் அரண்மனை முற்றமெல்லாம் பானைகள். கருவாட்டுக் குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. மாயகண்டன் தனக்குள் சிரித்துக்கொண்டான். ஏதோ முணுமுணுத்துக் கையை வீசினான். அத்தனை பானையிலும் இருந்த உப்பு மாயமாய் மறைந்தது. அப்புறம் என்ன, முதல் பானையில் ஒரு கவளம் எடுத்துச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

மிச்சத்தைத் தெருக்காரர்கள் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். மீனவர் தெருச் சடைச்சி ஒரு வாய் போட்டாள்.

"அய்யய்யோ, உப்பே இல்லையே! நான் ருசி பாத்துத்தானே எறக்குனேன்!"

"எங்க பானையிலயும் இல்லடி!" என்று நாலாபக்கமும் கூச்சல்.

"நான்தான் எடுத்தேன்" என்றான் மாயகண்டன் பெருமையாக. "ராஜாவுக்கு ஆகாதது பிரஜைகளுக்கு எதற்கு?"

முற்றமே திரண்டு அவனைச் சூழ்ந்துகொண்டது. பிறகு அகப்பைகள் உயர்ந்தன.

மந்திரம் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து உப்புச் சட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். சடைச்சி அதில் ஒரு பிடி அள்ளி, "இந்தாடா ராசா!" என்று அந்த வாய்க்குள்ளேயே திணித்துவிட்டாள்.

வித்தை போயிற்று. மாயகண்டன் வெறுங்காலோடு எல்லை தாண்டி ஓடினான்.

ராஜா மூச்சுவிட்டான். "அவன் உப்பை மறைப்பான் என்று முன்பே தெரியுமா உனக்கு?"

"தெரியாது மன்னா. சாப்பிட்டால் வித்தை போகும், சாப்பிடாவிட்டால் அரியணை போகும், இவ்வளவுதான் என் கணக்கு. இத்தனை தெருச் சமையலில் கைவைக்க ஒருவனுக்குத் துணிச்சல் வரும் என்று யார் கண்டது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன பரிசு வேண்டும், கேள்! முத்துமாலையா? மாந்தோப்பா?"

"ஒரு மூட்டை உப்பு போதும் மன்னா. உப்புப் போன அந்தப் பானைகளைத் தெருத்தெருவாகத் திருப்பிக் கொடுக்கப்போவது நான்தானே!"