எழுத்தாணி டிராவல்ஸின் உடுமலைப் பயணம்

ஓலைப்பாளையத்தில் மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அந்த ஊரில் வேறு வேலை இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பெயர். மூவரும் சேர்ந்து ஒரு பழைய வேனைப் பிடித்து ‘எழுத்தாணி டிராவல்ஸ்’ தொடங்கினார்கள். லாபமெல்லாம் ஊர்ப் பெண்களின் எழுத்தறிவு வகுப்புக்கு. நல்ல காரியந்தான். செய்தது இவர்கள் என்பதுதான் கோளாறு.

முதல் கூட்டத்திலேயே தலைவர் நல்லசிவம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். படிப்பு பெண்களுக்கு என்று ஊரறியச் சொல்லியாயிற்று. இந்த வண்டியில் போகிற நாம் வழியில் எதையாவது படித்துத் தொலைத்தால்?

“அது கையாடலுங்க,” என்றார் டிரைவர் பொங்கியண்ணன்.

“மைல்கல்லு?” என்று கேட்டார் கண்டக்டர் தேவராசு.

“அதுலயும் எழுத்துத்தான இருக்குது.”

அன்றிலிருந்து வேனில் ஏறினால் மூவரும் எழுத்து இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. அப்புறம் வழி? அதற்கும் தலைவரிடம் யோசனை இருந்தது. காலையில் ஒரு தேங்காய் லாரி உடுமலைக்குப் போகுமாம். அதன் பின்னாலேயே போனால் சரி. “முன்னாடி போற லாரிய மட்டும் விட்டுடாத,” என்று உத்தரவு போட்டார்.

விதியே என்று அந்த வேனில் ஏறினாள் பூவாத்தாள். உடுமலையில் அவள் தம்பி குழந்தைக்கு அன்று மத்தியானம் பேர் வைக்கிறார்கள். தாம்பாளத்து அரிசியில் பேரை விரலால் எழுத வேண்டியது அத்தைக்காரி. முந்தின குழந்தைக்கு அவள் கையைப் பிடித்து வேறொருத்தி எழுதிய அவமானம் இன்னும் ஆறவில்லை. அதற்காகவே வகுப்பில் போய் உட்கார்ந்து எழுதப் பழகினாள்.

லாரி டீக்கடையில் நின்றது, வேனும் நின்றது. லாரிக்காரன் டயரைக் கழற்றினான். பொங்கியண்ணனும் நன்றாயிருந்த டயரைக் கழற்றி மாட்டினார். லாரி எடைமேடையில் ஏறியது. வேனும் ஆட்களோடு ஏறி எடை போட்டுக்கொண்டது. மற்ற பயணிகள் அங்கேயே இறங்கி நடையைக் கட்டினார்கள்.

சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்தபோது பூவாத்தாள் கைகாட்டிப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உடுமலை இடது பக்கம். லாரி வலது பக்கம் திரும்பிவிட்டது. அவள் சொன்னாள்.

“அம்மிணி, லாரிக்காரன் தெனமும் போறவன்,” என்றார் நல்லசிவம். “நீங்க இப்பத்தான் படிக்கிறீங்க.”

கடைசியில் லாரி ஒரு தேங்காய் மண்டிக்குள் போய் நின்றது. பூவாத்தாள் மண்டியின் பலகையைப் பார்த்துப் பொள்ளாச்சி என்றாள். மூவரும் திகைத்துப் போனார்கள், ஊரை நினைத்தல்ல.

“அம்மிணி படிச்சது நம்ம காதுல விழுந்திருச்சே,” என்றார் தேவராசு. “நாம படிச்ச கணக்காயிடுமா?”

ஒரு காதில் விழுந்திருந்தால் மன்னிக்கலாம், இரண்டிலும் விழுந்தால் குற்றம் என்று நல்லசிவம் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது பூவாத்தாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். உடுமலை என்று போட்டிருந்த பஸ்ஸைத் தானே படித்து ஏறி உட்கார்ந்தாள். மூச்சிரைக்க மூவரும் பின்னாலேயே வந்து ஏறினார்கள். பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பெனியின் கடமையாம்.

சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். பூவாத்தாள் அரிசியில் ‘யாழினி’ என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். தம்பி மனைவிக்குக் கண் கலங்கியது. பெரிய மனிதர்கள் மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வேன் போனால் வகுப்பும் போச்சு.

“ஏனுங்க, வண்டிய எங்க விட்டீங்க?”

“விடறதா?” பொங்கியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “லாரிய விட்டுடாதன்னு தலைவர் உத்தரவு. வேனை லாரியோட கயித்துல இறுக்கிக் கட்டிட்டுத்தான் வந்தனுங்க.”

“அந்த லாரி அடுத்தது எந்த ஊருக்குப் போவுது?”

பொங்கியண்ணன் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

“பின்னால பெருசா எழுதியிருந்துதுங்க. நாங்க படிச்சுப் போடுவமா?”