மாதா கோயில் பழையபடி

வேலாழி சமஸ்தானத்துக் கடற்கரையில் ஒரு மாதா கோயில் இருந்தது. கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரிகள், இந்தக் கதை நடந்ததற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கோதிக் பாணி என்பார்கள். வளைவெல்லாம் கும்பிட்ட கை மாதிரி உச்சியில் கூராகச் சேரும். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் ஒரு புயல் வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கரையோர ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். ராஜா சேதுராயர் தாராள மனசுக்காரர். செலவு அரண்மனையுடையது, வேலை சூசைநாதன் கொத்தனுடையது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

அரண்மனை உத்தரவுகளை எழுதும் பேஷ்கார் நாகலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். சரி, உத்தரவு எழுதுவது நம் கைதானே என்று உட்கார்ந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல் எழுதினார்: "மாதாகோயில்பழையபடியிருக்கவேண்டும். தவறினால்கொத்தன்இச்சமஸ்தானத்தில்கரண்டிதொடக்கூடாது." ராஜாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெடித்த தூணையும் கரையான் தின்ற உத்தரத்தையும் பழையபடி நிறுத்த எவனால் முடியும்? உத்தரவைக் கேட்ட சூசைநாதனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கொத்து வேலை தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. ஆனாலும் ஜனங்கள் தலையில் கூரை விழுவதைவிடத் தன் கரண்டி போவது மேல் என்று துணிந்தான். தூணைப் பருமனாக்கினான். கூரையை உயர்த்தினான். காற்றுக்கு இரண்டு ஜன்னல் கூட வைத்தான். கோயில் அத்தனை அழகாக வந்தது.

ராஜா பார்வையிட வந்தார். கூடவே அவருடைய ஆலோசகர் ஆவுடையப்பரும் வந்தார். பேஷ்கார் பழைய படம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தூண் அப்படியில்லை, ஜன்னல் இத்தனையில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ராஜாவுக்குக் கோயில் பிடித்திருந்தது. ஆனால் தன் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டாமா? கரண்டியைக் கொடுத்துவிடச் சொன்னார். சூசைநாதன் அதைத் துடைத்து அவர் காலடியில் வைத்தான்.

மனசு சரியில்லாமல் ராஜா வாசலில் இறங்கினார். கருங்கல் படி, இருநூறு வருஷம் மிதிபட்டுக் குழிந்து கிடந்தது. கால் வழுக்கியது. ஆவுடையப்பர் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் மாத்தினவன் இந்தப் படிய மட்டும் ஏன் விட்டான்?" என்று ராஜா எரிந்து விழுந்தார்.

கல் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லக் கொத்தன் வாயெடுத்தான். ஆவுடையப்பர் முந்திக்கொண்டார்.

"உத்தரவு அப்படி, மகாராஜா."

"எந்த உத்தரவு?"

ஆவுடையப்பர் பேஷ்காரிடமிருந்து தாளை வாங்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மாதாகோயில் பழைய... படி... இருக்க வேண்டும். தூணப் பத்தியோ கூரையப் பத்தியோ இதுல ஒரு எழுத்தும் இல்லீங்க. படி இருக்கணும்னு போட்டிருக்கு. இருக்கு. அதுலதானே இப்ப வழுக்கினீங்க."

பேஷ்கார் பதறினார். படி என்றால் அந்தப் படி இல்லை, எழுதியவனுக்குத் தெரியாதா என்றார்.

"எழுதினது நீங்கதான். உத்தரவு போட்டது மகாராஜா. எந்தப் படின்னு அவங்களத்தான் கேக்கணும்."

ராஜா அண்ணாந்து கோயிலைப் பார்த்தார். குனிந்து படியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் கல்லத்தான் சொன்னேன்" என்றார். கரண்டியைத் தன் கையாலேயே எடுத்துச் சூசைநாதனிடம் கொடுத்தார். அவன் அழுதேவிட்டான். ஆவுடையப்பர் தோளில் ராஜாவின் பட்டுச் சால்வை ஏறியது.

பிறகு ராஜா பேஷ்காரிடம் திரும்பினார்.

"நாகலிங்கம், இனிமே எதை எழுதினாலும், எங்கிட்ட கொண்டுவர்றதுக்கு முன்னால ஒருதரம் படி."

பேஷ்கார் ஆவுடையப்பரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மெல்லக் கேட்டார்.

"எந்தப் படி, மகாராஜா?"